எட்டாம் நம்பர் மூடி

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இந்த மாதிரி சங்கதிகளைக் கேட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தவன்தான். பேய், சகுனம், ராசி நம்பர் ஒன்றும் எனக்கு ஆகாது. அந்த வீம்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அறுபதுகளில் மாதுங்காவிலிருந்து தாராவிக்கு, காதர் பாயின் தோல் பட்டறைக்குக் குமாஸ்தாவாகப் போய்க்கொண்டிருந்தேன். பட்டறைக்குள்ளேயே பேசிக்கொள்ள பாய் ஒரு டெலிபோன் போர்டு வாங்கினார். யார் கூப்பிட்டாலும் அவர் நம்பருக்கான சின்னத் தகர மூடி என் மேஜையில் டக்கென்று விழும், நான் எடுத்துப் பேசி வேண்டிய இடத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"ஐயரே, நம்பரெல்லாம் நீரே போடும். லாபம் மட்டும் எனக்கு" என்றார் பாய். எண்ணும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்று சொல்கிற வியாபாரி, முதல் நம்பரைத் தவிர வேறென்ன கேட்பார்?

ஏழு வரை ஆளுக்கொன்றாகப் போயிற்று. எட்டை, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக் கொட்டகை மேஸ்திரி சுடலைமுத்துவுக்கு எழுதினேன். அவன் மேஜையை விட்டு நகரவில்லை.

"எட்டு சனி நம்பர் சாமி. நான் புள்ளகுட்டிக்காரன். வேற போட்டுத் தாங்க."

"நம்பர் என்ன உன்னைக் கடிக்கவா போறது? போய் வேலையைப் பாரு."

ஒன்பதும் பத்தும் காலிதான், கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இந்த வழக்கில் பொழுது போய், வயர் இழுக்க வந்தவன் எட்டை மட்டும் பாக்கி வைத்து, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். எட்டாம் நம்பர் கருவி பிரிக்காத பெட்டியோடு என் காலடியில் கிடந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாயும் ஆட்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். பட்டப்பகலில் டக்கென்று எட்டாம் மூடி விழுந்தது. யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

"எட்டுலயிருந்து பேசுதேன் சாமி. சுருக்கா வாங்க, கை கடுக்கு."

சுடலைமுத்துதான் கையில் அடிபட்டுக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "இதோ வரேன்" என்று எழுந்தேன். கால் அந்தப் பெட்டியில் இடித்தது. நம்பினால் நம்புங்கள், எட்டாம் நம்பர் கருவி இன்னும் அதற்குள்ளேதான் இருந்தது.

குழிக் கொட்டகைக்கு ஓடினேன். ஆளையே முழுங்குகிற ஆழமுள்ள குழி, உள்ளே விஷக்காற்று அடித்து நினைவு தப்பிய சுடலைமுத்து. ஆனால் அவன் தலை மட்டும் சுண்ணாம்புத் தண்ணீருக்கு மேலே நேராக நின்றது. நான் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் வந்து, கயிறு போட்டுத் தூக்கினோம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்தான். "நீதானே போன் பண்ணினே?" என்று கேட்டேன்.

"எந்த போன் சாமி? விழுந்ததுமே பேச்சு அடச்சிட்டு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "கீழ நின்னு ரெண்டு கையாலயும் என்னத் தூக்கிப் பிடிச்சிருந்தாரே, அவரையும் வெளிய எடுத்துட்டியளா?"

குழியை அன்றைக்கே வடித்துப் பார்த்தாயிற்று, தோலைத் தவிர ஒன்றும் இல்லை. அவனிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, "எடுத்தாச்சு" என்று பொய் சொல்லிவிட்டேன். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனைத் தூக்கிப் பிடித்துக் கை கடுக்கிறது என்று சொன்ன அந்தக் குரலுக்குத்தானே நான் "இதோ வரேன்" என்றேன்?