தொறந்தாச்சா, டீச்சர்?

வாய் கொப்பளித்த தண்ணீர் வலப்பக்க உதட்டோரமாகத் தானே வழிந்து சேலையை நனைத்தது. கவனக்குறைவு என்று நினைத்தேன். மறுபடி கொப்பளித்தபோதும் வழிந்தது. பொகவந்தலாவையில் தை மாதத்துக் குழாய்த் தண்ணீர் பல்லைக்கூட மரக்க வைக்கும். உதடும் மரத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றேன்.

என் முகத்தின் இடப்பாதி திடுக்கிட்டது. வலப்பாதி ஒன்றுமே நடக்காததுபோல் அப்படியே இருந்தது. புருவம் உயரவில்லை. கன்னம் அசையவில்லை. கண் சிமிட்டவில்லை.

என் கணவர் லோகநாதன் ஹட்டனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த குடையைக் கீழே வைத்தார்.

"எங்க, சிரி பார்ப்போம்."

சிரித்தேன்.

"வேணாம், வேணாம். விடு."

திருமணமாகி இத்தனை வருடத்தில் என் சிரிப்பை அவர் வேண்டாம் என்று சொன்னது அன்றுதான்.

பஸ்ஸில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணியை எனக்குத் தெரியாது. டிக்கோயாவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவராக இருக்கலாம், மடியில் ஒரு சாப்பாட்டுக் கேரியர் வைத்திருந்தார். அவர் கேரியரைக் காலடியில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் குனிந்து, துருப்பிடித்திருந்த ஜன்னலோடு மல்லுக்கட்டி அதை மூடினார். "ஹுலங்க வதினவா, நங்கி" என்றார். காற்று படும், தங்கச்சி என்று பொருள். குளிர்காற்று பட்டால் முகம் கோணும் என்பது மலையில் எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுவான நம்பிக்கை. மறைத்துவிட்டதாக நான் நினைத்திருந்த முகத்தை அவர் பார்த்துவிட்டார். மூடிய ஜன்னலின் புழுக்கத்தில் இருவரும் போனோம்.

வைத்தியசாலையில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து இளம் வைத்தியர்.

"நெத்தியைச் சுருக்குங்கோ பாப்பம்."

இடப்பக்க நெற்றி மட்டும் சுருங்கியது. அவர் முகத்தில் ஒரு தளர்வு வந்தது. "பயப்பிடாதேங்கோ. இது பக்கவாதம் இல்லை" என்றார். மூளையில் இரத்தம் தடைப்பட்டு வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் இரண்டு பக்க நெற்றியும் அசையுமாம். எனக்கு வந்தது முகநரம்பு வாதம் (காதுக்குப் பின்னால் எலும்புக்குள் வரும் நரம்பு வீங்கி, ஒரு பக்க முகத்தசைகள் செயலிழப்பது). காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளை உடனே தொடங்க வேண்டும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் முகம் திரும்பிவிடும்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்கேனும் ஒருநாள் தண்ணீர் இப்படி உதட்டோரம் வழிந்தால், காற்று என்று நீங்களே முடிவுகட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். எது பக்கவாதம், எது இல்லை என்று வைத்தியர் சொல்லட்டும். அன்றே போங்கள்.

கடைசியாக அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. "கண்தான் கவனம். பகலில சொட்டு மருந்து. இரவில களிம்பு போட்டு, இமையை முழுசா மூடி, மெல்லிய பிளாஸ்டர் ஒட்டோணும்." பக்கவாதம் இல்லை என்ற நிம்மதியில் அது சின்ன வேலையாகத் தோன்றியது.

மறுநாள் காலை என் கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ராத்திரி பூரா என்னையே பாத்துக்கிட்டு இருந்த."

"நான் தூங்கினேனே."

"தெரியும்."

அவர் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. போன மழைக்காலத்தில் என் மாமியார் அவர் மடியில் இறந்தார். மூத்த மகன் என்று இவர் தாயின் கண்ணை மூடினார். இமை மெல்லத் திறந்தது. மறுபடி மூடினார், மறுபடி திறந்தது. கடைசியில் கீழ் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) பாக்கியம் வந்துதான் மூடினார்.

பாக்கியத்துக்கு என் வயதுதான் இருக்கும். கொழுந்து பறிப்பவர். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர் கைதான். அந்தக் கைகளுக்காகவே மற்ற நாட்களில் அவரை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. காலையில் எதிரே வந்தால் சிலர் குடையைச் சாய்த்துக்கொள்வார்கள்.

பிளாஸ்டர் ஒட்ட என் கணவர் முயன்றார். விரல் இமையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "என்னால ஏலாது" என்று எழுந்து போய்விட்டார். நானே கண்ணாடி பார்த்து ஒட்டினேன். களிம்பு போட்டவுடன் எல்லாம் மங்கலாகிவிடும். குருட்டாம்போக்கில் ஒட்டிய பிளாஸ்டர் விடியும்போது பாதி உரிந்து, அதன் ஓரம் திறந்த கண்ணிலேயே உரசிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை வைத்தியர் மஞ்சள் நிறச் சொட்டு ஒன்றை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கருவிழி உரிஞ்சிருக்கு. வீட்டில ஆரும் ஒட்டி விடுறேல்லையோ?"

என் கணவர் தரையைப் பார்த்தார்.

"இப்பிடியே போனா புண் வந்திடும். பார்வையும் போகலாம். அதுக்கு முதல் இமையைத் தைக்க வேண்டி வரும்."

என் இடக்கண் பிறவியிலேயே பார்வை குறைந்தது. நான் எழுத்துக் கற்றதும், கற்பிப்பதும், இந்த வயதுவரை வாசித்த எல்லாமும் வலக்கண் ஒன்றால்தான். திரும்பி வரும் பஸ்ஸில் வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நோர்வூட் கடைகளின் பெயர்ப்பலகைகளை இடக்கண்ணால் படிக்க முயன்றேன். பலகைகள் தெரிந்தன. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்திக்கருக்கலில் என் கணவர் வந்தபோது பின்னால் பாக்கியம் நின்றிருந்தார்.

படித்தவள், பகுத்தறிவு பேசுகிறவள் என்பதெல்லாம் அந்த ஒரு கணத்தில் என்னிடம் இல்லை. அந்தக் கையை மட்டுமே பார்த்தேன்.

"பயப்படாதீங்க டீச்சர்" என்றார் பாக்கியம், வாசற்படியிலேயே நின்றபடி. "கையை நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவிட்டுதான் வந்திருக்கேன். உசுரோட இருக்கிறவங்களுக்குப் பண்றது எனக்கும் மொதத் தடவதான். எனக்குந்தான் பயமா இருக்கு."

"உள்ளே வாங்க" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். பிறகுதான் உள்ளே வந்தார்.

வைத்தியர் சொன்னதை நான் சொல்லச் சொல்லச் செய்தார். முதலில் களிம்பு. பிறகு புருவத்திலிருந்து பெருவிரலால் இமையை இறக்கி, கண் முழுதாக மூடியதைப் பார்த்து, ஒட்ட வேண்டும். முதல் பிளாஸ்டர் இமைமயிரில் ஒட்டிவிட்டது. அதைப் பிடுங்கியதும் கத்திவிட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

"ஆத்தாடி. வலிக்குதுங்கிறாங்களே. நமக்கு அது பழக்கமில்ல."

என் கணவர் சிரித்துவிட்டார். மாமியார் இறந்த பிறகு அவர் சத்தம்போட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முறை விரல் மெதுவாக இறங்கியது. காய்ப்புக் காய்த்த, கொழுந்து வாடை வீசும் விரல். உலகத்தின் வலப்பக்கம் இருண்டது. அப்போது, பழக்கத்தில், அவர் வாயிலிருந்து அது வந்தது.

"சரி, போயிட்டு..."

நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு பிணத்தின் கண்ணையும் மூடும்போது அவர் சொல்லும் வார்த்தை அது. என் மாமியாரிடமும் சொன்னார். போயிட்டு வாங்க.

"சரி, தூங்குங்க டீச்சர்" என்று முடித்தார்.

அவர் போன பிறகும் அந்தப் பாதி வார்த்தை காதிலேயே இருந்தது. ஆனால் கண்ணில் எரிச்சல் இல்லை. இமைக்குள் ஈரம் இருந்தது. நோய் வந்த நாளிலிருந்து முதல்முறையாக முழுமையாகத் தூங்கினேன்.

விடிந்ததும் சமையலறைப் பக்கம் ஒரு குரல் கேட்டது. பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் வழியில் பாக்கியம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். முகத்தைக் காட்டாமல் திரும்பி நின்றே கேட்டார்.

"டீச்சர், தொறந்தாச்சா?"

பிளாஸ்டரை உரித்தேன். "தொறந்தாச்சு" என்றேன்.

வேலிக்கு அப்பால் காலடிகள் மேட்டுப்பாதையில் ஏறிப் போயின.

அவர் தினமும் அந்திக்கு வரத் தொடங்கினார். நாங்கள் மறந்துபோன ஒன்று இருந்தது. பாக்கியம் ஒரு வீட்டுக்குள் போனால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருநாள் அவர் வந்து போன சற்று நேரத்தில் வாசலில் பேச்சுக்குரல்கள் கேட்டன. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் சிலர் குடையும் கையுமாக நின்றார்கள். ஒருவர் சீனியும் தேயிலையும் கொண்டு வந்திருந்தார், சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்ற. ஒருவர் பிஸ்கட் பெட்டி. ஒருவர் பெரிய கேத்தலையே தூக்கி வந்திருந்தார். "டீச்சர் நல்ல மாதிரி இருந்தாங்களே" என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஒற்றைக் கண்ணில் பிளாஸ்டரோடு கதவைத் திறந்தேன்.

"யாருக்கு என்ன?" என்றேன்.

அழுதவள் என்னைப் பார்த்தாள், பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன், நல்லா விசாரிச்சிட்டுப் போவோம்னு" என்று அவளை ஒரு இடி இடித்தாள்.

விஷயம் விளங்கியதும் சிரிப்பும் வெட்கமும் தாங்கவில்லை. சாவுக்கென்று எடுத்ததைத் திருப்பிக்கொண்டு போகக்கூடாது என்று எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனார்கள். கேத்தலை மட்டும் மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார்கள். அன்றிரவு நான் குடித்த தேநீர் என் சாவுக்கு வந்த சீனியில் போட்டது. யாரும் தன் சாவு வீட்டின் அன்பை நேரில் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டு முழுதாகப் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் மட்டும், "விளக்கு வைக்கிற நேரத்துல அவளையா உள்ள விடுறீங்க?" என்று கேட்டார். பாக்கியம் அப்போது முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்.

"கவலப்படாதீங்கக்கா. உங்களுக்கும் நான்தான் வருவேன்."

அடுத்தடுத்த பரிசோதனைகளில் கருவிழியின் காயம் சுருங்கிக்கொண்டு வந்தது. தைக்கத் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். பங்குனி முடியும் தறுவாயில் ஓர் அந்தியில் பாக்கியம் என் இமையைத் தொடுவதற்கு முன்பே அது தானாக இறங்கியது. முழுவதுமாக அல்ல, மூடப் பழகும் குழந்தையின் கண்போல, சற்று நடுங்கி. அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"மூடிருச்சு" என்றார். "அப்ப எனக்கு வேல போச்சு."

தேநீர் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எத்தன கண்ணு மூடியிருக்கேன் டீச்சர். மூடும்போதெல்லாம் போயிட்டு வாங்கன்னுதான் சொல்றது. யாரு வந்தா? விடிஞ்சதும் பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

முகம் மெல்லத் திரும்பியது. கன்னம், உதடு, கடைசியாகப் புருவம். ஆனால் போனபடியே திரும்பவில்லை. மறுபடி வளரும் நரம்பு இழைகள் சிலசமயம் வழிதவறி வேறு தசைகளில் போய்ச் சேருமாம் (உதட்டுக்கான கட்டளை இமைக்கும் போய்விடும்). ஆகவே நான் சிரிக்கும்போதெல்லாம் என் வலக்கண் தானாக மூடிக்கொள்கிறது. பயிற்சிகள் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஓரளவு குறையலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். உங்களுக்கும் இப்படி நேரலாம். முகம் உங்களிடம் திரும்பி வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று அவகாசம் கொடுங்கள்.

முன்பு என் நாள் பள்ளிக்கூட மணியில் தொடங்கி மணியில் முடிந்தது. இப்போது என் உடம்புக்கு வேறு கணக்கு. அந்தி என்பது அது மூடப்படும் நேரம்; காலை என்பது அது பதில் சொல்ல வேண்டிய நேரம்.

கண்ணுக்கு இனி யாரும் வேண்டியதில்லை. ஆனாலும் பெரட்டுக்குப் போகும் வழியில் பாக்கியம் நிற்கிறார். இப்போது திரும்பி நிற்பதில்லை. வேலிமேல் கைவைத்து, நேராக முகம் பார்த்துக் கேட்கிறார்.

"தொறந்தாச்சா, டீச்சர்?"

அவரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்ததும் வலக்கண் மூடிக்கொள்கிறது. மூடிய கண்ணோடே சொல்கிறேன்.

"தொறந்தாச்சு."