கேப்டன் அடித்த வெள்ளை

கேப்டனுக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கேப்டனாக ஓய்வு பெற்று வந்த மனிதர். வந்த ஒரே மாதத்தில் வீட்டுக் கேட், மாடிப்படிக் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று ஆரம்பித்துப் பூந்தொட்டிகள் வரை பெயின்ட் அடித்துத் தீர்த்துவிட்டார்.

"அசையாம இருக்கறது எதுவா இருந்தாலும் பெயின்ட் அடிச்சிடணும். பட்டாளத்துல அதான் சட்டம்" என்பார்.

மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "இருங்க, நான் கொஞ்சம் அசைஞ்சுக்கறேன். என்னையும் சேர்த்து அடிச்சிடப் போறீங்க" என்பாள்.

வீடு முடிந்ததும் அவர் கண் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. அவர் படித்த பள்ளி. முட்டிபோட்டதும் பிரம்படி வாங்கியதும் அங்கேதான். காரை பெயர்ந்து, மழைநீர் வழிந்த கறையோடு நின்ற கட்டடத்தைப் பார்க்க அவருக்கு மனசு பொறுக்கவில்லை. "என்னை ஆளாக்கின இடம். கூலியாள் வேணாம், என் கையாலயே செஞ்சு தரேன்" என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றார். அந்த அம்மாள் அந்தப் பள்ளிக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இலவசமாக வருவது கசக்குமா? கோடை விடுமுறையில் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அதே பள்ளியில்தான் அவருடைய ஒரே மகள் பாப்பாவும் படித்தாள். ஆறாம் வகுப்பில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். கேப்டன் அப்போது எங்கோ பனிமலையில் காவல் இருந்தார். தகவல் கிடைத்து, அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் கிடந்த அவள் துணிமணி, செருப்பு, பென்சில் டப்பா ஒன்றையும் பார்க்கச் சகிக்காமல் மூட்டை கட்டி யாரிடமோ கொடுத்துவிட்டார். மனைவி தடுக்கவில்லை. அவளுக்கு வேறோர் இடம் இருந்தது.

ஆறாம் வகுப்பறையின் பின்சுவரில் பாப்பா வரைந்த படம் ஒன்று இருந்தது. முந்தைய தலைமையாசிரியர் அதன்மேல் யாரையும் கைவைக்க விடவில்லை. சீருடைக்கு அளவெடுக்கப் போகும் சாக்கில் மனைவி அந்தச் சுவர் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டு வருவாள். பள்ளியின் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கேப்டனுக்கு மட்டும் தெரியாது. பாப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதரிடம் யார் வாய் திறப்பது? இதில் யாரைக் குறை சொல்ல என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தங்கை கால் முறிந்து கிடக்கிறாள் என்று மனைவி வெளியூர் போயிருந்தாள். அவள் திரும்பும்போது அசத்திவிட வேண்டும் என்று கேப்டன் ராப்பகலாக உழைத்தார். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது காவலாளி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சார், அந்தப் பின்சுவரை மட்டும்..."

"மட்டும்னா? பட்டாளத்துல அந்த வார்த்தையே கிடையாது. ஏணியப் பிடி."

அதட்டலுக்குப் பழகாத காவலாளி ஏணியைப் பிடித்தார். மங்கிப்போன ஏதோ கிறுக்கல் என்ற நினைப்பில் கேப்டன் ஏறெடுத்தும் பார்க்காமல் செங்கல் தெரியச் சுரண்டி, பட்டி பூசி, இரண்டு கோட்டு வெள்ளை அடித்தார். வேலை என்றால் அப்படி ஒரு சுத்தம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றி நேராகப் பள்ளிக்கே கொண்டுவந்தார். பளபளவென்று நின்ற கட்டடத்தைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. ஆறாம் வகுப்புக்கு ஓடினாள். கேப்டன் பின்னால் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச் சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா வரைஞ்ச படம்மா அது. நான் சொல்லத்தான் வந்தேன், சார் விடல" என்று காவலாளி வாசலில் நின்று அழுதார்.

கேப்டனுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் மூலையில் கிடந்த சுரண்டியை எடுத்துச் சுவரைப் பிறாண்ட ஆரம்பித்தார். பட்டி உதிர்ந்தது, செங்கல் தூள் கொட்டியது. வேறு எதுவும் இல்லை. மனைவிதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்தாள். அவள் வயிறெரிந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"என்ன வரைஞ்சிருந்தா?" என்று கேட்டார். அந்தப் பெண் போன பிறகு அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான்.

"நாம மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கோம். நீங்க பூட்ஸோட இருக்கீங்க."

"வீட்டுக்குள்ள நான் எப்ப பூட்ஸ் போட்டேன்?"

"வரும்போதும் பூட்ஸ், போகும்போதும் பூட்ஸ். அவளுக்கு அதானே தெரியும்?"

"மூஞ்சி? என்னை மாதிரியே இருந்துச்சா?"

அவள் சேலைத் தலைப்பால் அவர் கையிலிருந்த செங்கல் தூளைத் துடைத்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்திருப்பாள் போலும்.

"மூஞ்சி வரையலைங்க. எப்படி இருக்கும்னு சரியா ஞாபகம் வரலையாம். அப்பா லீவுல வந்ததும் இங்க கூட்டிட்டு வந்து நிக்க வெச்சு, பாத்து வரையறேன்னு விட்டு வெச்சிருந்தா."