மருந்துக்காரி

அம்மாவின் இருமலுக்கு ஆவி பிடிக்க நேற்று நொச்சித் தழையைக் கொதிக்க வைத்தபோது, எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் ஓடி, இப்போது பட்டாசு குடோனின் மதிலுக்கடியில் புதைந்துபோன ஓடை அந்த வாசனையோடு திரும்பி வந்தது; கூடவே, மலையிலிருந்து தேனும் தழையுமாக இறங்கி வரும் பளியர் பெண் செல்லியும்.

எங்கள் பக்கத்தில் வெடிக்குள் அடைக்கும் பொடிக்கும் மருந்து என்றுதான் பேர். "என்ன வேலைக்குப் போறே தாயி?" என்று செல்லி கேட்டதற்கு, அம்மா "மருந்து கலக்குறேன்" என்று சொல்ல, தன்னைப்போல இன்னொரு வைத்தியக்காரி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிரித்தாளே தவிர, திருத்தவில்லை. அதன்பின் எந்தப் பட்டை எதற்கு, எந்த வேரை எப்போது தோண்டக் கூடாது என்று செல்லி சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேச, அம்மா பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி ஏறிய கைகளை ஓடையில் கழுவிக்கொண்டே உம் கொட்டுவாள்.

கரையோரக் கல்லைப் புரட்டி, அடியில் பூச்சி ஊர்வதைப் பார்க்காமல் செல்லி ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒருநாள் கல் கல்லாகப் புரட்டிக்கொண்டே போனவள், குடிக்காமல் திரும்பி வந்தாள்.

"ஒரு பூச்சியக்கூடக் காணோம் தாயி. தண்ணிக்கு நோவு வந்திருக்கு. நீதான் மருந்துக்காரியாச்சே, ஏதாச்சும் செய்யி."

அம்மா ஈரக் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "பாக்கேன் செல்லி" என்றாள்.

அந்தப் பொடி படிந்த அம்மாவின் வேலைச் சேலையைத் தினமும் அந்த ஓடையில் அலசியது நான்தான்.