பூமியின் வயிற்றுக்குக் காது கொடுத்தவர்

அவருக்குப் பூனைக்கால் என்று பெயர் வைத்தது தபால்காரர். பின்னால் வந்து நிற்பதே தெரியாமல் நின்று, திடீரென்று "ஐயா" என்று கூப்பிட்டு, அந்த மனுஷனைச் சைக்கிளோடு கவிழ்க்கப் பார்த்தால் வேறு என்ன பெயர் வைப்பார்? பெயர் ஒட்டிக்கொண்டது. பூனைக்காலுக்கு அதில் வருத்தமும் இல்லை. சத்தமில்லாமல் நடப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.

ஊரைவிட்டுத் தள்ளி ஒரு குன்று. குன்றின் மேல் பாறையைக் குடைந்து ஓர் அறை. அதற்குள் பாறையோடு பாறையாகக் கட்டிய மேடையில் ஒரு நில அதிர்வுக் கருவி, தண்ணீர்க் குடம் அளவுக்கு. உலகத்தின் எந்த மூலையில் நிலம் பெரிதாக ஆடினாலும் அந்த அதிர்வு பூமிக்குள் புகுந்து, வளைந்து நெளிந்து, கடைசியில் இந்தக் குடத்தை வந்து தொடும். சற்றுத் தள்ளியிருக்கும் அவர் வீட்டின் முன்னறையில் ஒரு திரை. அதில் கோடு ஆடும். பேட்டரி, ஈரம், எலி, பூட்டு எல்லாம் பூனைக்கால் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலான பொறுப்பு, அந்த இடத்தை அதிர்வில்லாமல் வைத்திருப்பது.

நாம் நிற்கும் மேலோடு வெறும் தோல். அதற்குக் கீழே கவசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதிய கையோடு மறந்திருப்போம். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறைதான் பாறை. எரிமலையைப் படத்தில் பார்த்துவிட்டு உள்ளே எல்லாம் குழம்பாகக் கொதிக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படியெல்லாம் இல்லை. கெட்டிப் பாறை, கெட்டியாக இருந்துகொண்டே நகர்கிறது, நகம் வளர்கிற வேகத்தில். சூடான பாறை மேலே வரும், ஆறிய பாறை கீழே போகும். பழைய கடல்தரைகள் அப்படியே அதற்குள் மூழ்கிக்கொண்டிருக்கின்றன. போய்ப் பார்க்க வழியில்லை. ஆனால் அதிர்வு ஆறிய பாறையில் விரைந்து ஓடும், சூடான பாறையில் தயங்கும். வந்து சேர்கிற நேரத்தை வைத்து உள்ளே எங்கே எது கிடக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் பூனைக்காலுக்குப் பெருமை பிடிபடாது.

அவர் மனைவியிடம் இந்தப் பெருமையெல்லாம் எடுபடவில்லை. கல்யாணமான புதிதில் சில வருஷம் குன்றில் இருந்து பார்த்தாள். கதவை ஓங்கிச் சாத்தாதே, அம்மியை நகர்த்தாதே, ஓடாதே. "வாழ வந்தேனா, ஒளிஞ்சிக்க வந்தேனா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, டவுனில் தையல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சண்டை என்று சொல்ல முடியாது. பிள்ளை குட்டி இல்லை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவாள்.

அவளுக்குக் குதிகால் நடை. தரை என்ன பாவம் செய்ததோ என்று தோன்றும். அவள் கடைசித் திருப்பத்தைத் தாண்டியதுமே திரையில் கோடு துள்ள ஆரம்பித்துவிடும். ஆளைக் காண்பதற்கு முன்னால் நடையைக் கண்டுவிட்டு, பூனைக்கால் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார். அவள் உள்ளே வந்து உட்காரும்போது டம்ளர் சூடாக இருக்கும். வாரம் முழுவதும் பேசாத வாய் அன்றைக்குத்தான் திறக்கும். அவள் டவுன் கதையை அளந்துகொண்டே போவாள், இவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவர் உயிரோடு இருந்தார் என்றால் மிகையில்லை. ஆனால் அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் தலைமை அலுவலகத்து இன்ஜினியரம்மா வந்தார். கவசத்தின் அடிமட்டம் வரைக்கும் ஆராயப் போகிறார்களாம், இந்தப் பருவம் முழுக்க நடக்குமாம்.

"ஞாயித்துக்கிழமையில மட்டும் ஒரு காலடி விழுது, யாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டுக்காரிங்க."

"சரி, எப்ப வராங்கன்னு குறிச்சு மட்டும்..."

பூனைக்கால் முடிக்க விடவில்லை. "நான் நிறுத்திடறேன் மேடம். ஒரு சத்தம் வராது."

கேட்காத வாக்கை வலியக் கொடுப்பது என்றால் இதுதான். இன்ஜினியரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மனைவியிடம் சொன்னார். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் இரைச்சலா?"

"கருவிக்கு."

"கருவிக்குச் சரி. உங்களுக்கு?"

இவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பார்வையை எடுப்பதற்குள் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அவற்றின் கொடுமை. திரையில் கோடு அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி கிடக்கும். வழக்கமான நேரத்துக்குக் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கும், பிறகு அணைப்பார். நடுவில் ஒரு தடவை எங்கோ ஒரு கடலடியில் பெரிய நடுக்கம். கவசத்தைக் கடந்து முதல் அலை வந்தது, பின்னால் இரண்டாவது அலை, அப்புறம் மேலோட்டைச் சுற்றிக்கொண்டு நீளமான அலைகள். திரை அப்படி ஆடி அவர் பார்த்ததே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் இறங்கிப் போய் அவளுக்குப் போன் போட்டார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். பூமிக்குள்ளே நடந்த சமாச்சாரத்தைச் சொல்லாமலே மேடு ஏறினார்.

பருவம் முடிந்தது. சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு இவர் இறங்கியிருந்த நேரத்தில் இன்ஜினியரம்மா போனில் பிடித்தார், குரலில் அத்தனை சந்தோஷம். மூழ்கிப்போன கடல்தரை ஒன்று கவசத்தின் அடிவரைக்கும் போய்க் கிடப்பது தெளிவாகத் தெரிகிறதாம்.

"நம்ம நிலையங்கள்லயே உங்களதுதான் ரொம்ப அமைதி. உங்க காலடி கூட இல்ல. அங்க ஆள் இருக்கா இல்லையான்னே சந்தேகம் வந்துடுச்சு!" என்று சிரித்தார். பிறகு, "ஆமா, ஞாயித்துக்கிழமை அவங்களும் வரலையே, ஏன்? காலடியெல்லாம் நாங்க கழிச்சுடுவோம், அது வேற மாதிரி அதிர்வு. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல."

பாராட்டைக் காது குளிரக் கேட்டிருக்க வேண்டிய மனுஷர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆள் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி மண்டையில் உறைத்தது. யாரும் கேட்காத ஒன்றுக்காக, இருந்த ஒரே துணையையும் வராதே என்று சொல்லியாயிற்று. அன்றைக்கே பூட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார்.

தையல் கடை மாடிப்படி மரத்தாலானது. அறைக்குள் அவள் மெஷினில் குனிந்திருந்தாள். கீழே இஸ்திரி போடுகிறவனின் ரேடியோ, தெருவில் லாரி, மேஜைமேல் கத்தரிக்கோல் நடுங்கிக்கொண்டிருந்தது. இவர் வாசலில் நின்றதை அவள் நூல் அறுந்தபோதுதான் பார்த்தாள்.

"என்னங்க இது, பேய் மாதிரி! வாங்க, உக்காருங்க."

உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். "தப்பு பண்ணிட்டேன். அவங்க நிறுத்தச் சொல்லவே இல்ல. நானா சொன்னேன். இந்த ஞாயித்துக்கிழமை வா. உன் கால் சத்தத்துக்காகத்தான் நான் வாரம் பூரா உக்காந்திருந்தேன். வருவியா?"

இத்தனை வார்த்தை இவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல வந்து அவள் கேட்டதில்லை. பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"முட்டி போயிடுச்சுங்க. மேடு ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்ப இருந்து?"

"கடைசியா வந்தப்பவே நொண்டிக்கிட்டுத்தான் வந்தேன். அன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்." குரலில் குத்தல் இல்லை. "உங்க கருவி சொல்லலையா?"

சொல்லியிருந்தது. அன்றைக்குத் திரையில் அவள் காலடி ஒன்று அழுத்தமாகவும் ஒன்று லேசாகவும் மாறி மாறி வந்ததை அவர் பார்த்திருந்தார். பாதையில் சரளை பெயர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அவள் போன பிறகு மண்வெட்டி எடுத்துப் போய்ப் பாதையை ஒழுங்காகச் சமப்படுத்தியும் வைத்தார். இனி அதில் ஏறி வர ஆளில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், தோள் மட்டும் குலுங்கியது.

"அழறதுன்னா சத்தமா அழுங்க" என்றாள் அவள், நொண்டி வந்து முதுகில் கை வைத்து. "இங்க யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவரும் முயன்றுதான் பார்த்தார். சத்தம் வரவில்லை.