சத்தம் வராத ஷூ

எவனோ ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்தை வைத்துக்கொண்டு விமானம் ஏறினான். அதற்குப் பிறகு உலகம் முழுக்க விமான நிலையங்களில் ஷூவைக் கழற்று என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தத் தலைவலி சுற்றிச் சுற்றி ஆம்பூருக்கும் வந்து சேர்ந்தது. நான் அப்போது அங்கே ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

ஆண்கள் போடும் தோல் ஷூவின் நடுப்பகுதியில், வெளியே தெரியாமல், சின்னதாக ஓர் இரும்புத் தகடு வைத்துத் தைப்பார்கள். ஷாங்க் என்று பெயர். ஷூ நெளியாமல் இருக்க அதுதான் முதுகெலும்பு. விமான நிலையத்தின் சோதனை வாசலில் நுழைந்தால் கத்துவதும் அதுதான். கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் வரிசையில் காலுறையோடு நிற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு அவமானமாம். எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் எழுதினார்கள்: இரும்புக்குப் பதில் ஃபைபர் தகடு வையுங்கள், வாசலில் சத்தம் வரக் கூடாது. கம்பெனியில் அந்த ரகத்துக்கு ‘பாஸ் ஷூ’ என்று பெயர் விழுந்தது. தோல் வெட்டுகிற கட்டிங்கில் வேலை செய்கிற பெண்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். சோதனையில் பாஸ் ஆகிற ஷூ, அவ்வளவுதான்.

பாஸ் ஷூவுக்கு சாம்பிள் செய்து, பையரோடு கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்குகிற பொறுப்பு பாயுடையது. ஆம்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு பாய் மேல்தான் விழ வேண்டும், ஆனால் எங்கள் பிரிவில் பாய் என்றால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நிதானமான மனிதர். பாதி உலகத்துக்கு ஷூ அனுப்பியிருக்கிறார். மீனம்பாக்கத்தில் பையரை வரவேற்கப் போய் வெளியே பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி, உள்ளே போனதில்லை. அந்த வருடம்தான் முதன்முறையாக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். வேலைக்காக இல்லை. அவருடைய அம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போக.

அந்த அம்மா விதவை. இவர் ஒரே பிள்ளை. ஹஜ்ஜுக்குப் போகிற பெண்ணோடு மகனோ, சகோதரனோ, அப்படி நெருங்கிய ஆண் துணை ஒருவர் போக வேண்டும். மஹ்ரம் என்பார்கள். அந்த அம்மாவின் தம்பி இறந்துவிட்டார். ஆக, மகன் போனால்தான் தாய் போக முடியும். வாணியம்பாடியில் ஒரு டிராவல்ஸில் இருவர் பெயரும் பதிவாகி, அந்த அம்மாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. சர்க்கரையும் முழங்கால் வலியும் இருந்த உடம்பு. ‘இந்த வருஷம் நடக்க முடியுது, அடுத்த வருஷம் அல்லா விட்ட வழி’ என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இந்த நேரத்தில் ஒரு பையர் கேட்டார்: உங்கள் நாட்டு விமான நிலையங்களில் ஷூவைச் சோதிக்க என்ன விதி? மேனேஜர் அதை என் தலையில் கட்டினார். எங்கள் பிரிவில் இன்டர்நெட் இருந்த கம்ப்யூட்டர் என் மேஜையில்தான் இருந்தது. தேடியதில் டெல்லியில் இருக்கிற ஓர் அரசு அலுவலகத்தின் இணையதளத்தில் தடியாக ஒரு கோப்பு கிடைத்தது. பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பயணிகளைச் சோதிக்கும் முறை, பெட்டிகளைச் சோதிக்கும் முறை என்று பக்கம் பக்கமாக இருந்தது. நடுநடுவே சில வரிகள் மேல் கறுப்புப் பட்டை. ரகசியமாக்கும், படிக்கக் கூடாதாக்கும் என்று நானும் மரியாதையாகத் தாண்டிப் போனேன்.

எனக்கு வேண்டியது ஷூவைப் பற்றிய இரண்டு பத்தி. அந்தப் பக்கத்தை அப்படியே மவுஸால் இழுத்து, காப்பி பண்ணி, நான் டைப் அடிக்கிற பக்கத்தில் ஒட்டினேன். ஒட்டினதும் கறுப்பைக் காணோம். அடியில் இருந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்து உட்கார்ந்துவிட்டது. எதைத் திறந்து பார்ப்பார்கள், எதைப் பார்க்காமல் விடுவார்கள், யாரை நிறுத்த மாட்டார்கள், எல்லாம் வரிசையாக. படித்தவர், பட்டம் வாங்கியவர், காரில் வந்து இறங்குகிறவர் யாரோ ஒருவர், கறுப்பு பெயிண்ட் அடித்தால் எழுத்து அழிந்துவிடும் என்று நினைத்து நாட்டின் ரகசியத்தை ஊருக்கு நடுவே வைத்துவிட்டுப் போயிருந்தார். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது ஜாஸ்தி ஆபத்து மேடம். சொல்லிடலாம்” என்றார்.

“நமக்கு எதுக்கு பாய் பேஜாரு?”

“பக்கத்து வூட்டுக் கதவு தெறந்து கெடந்தா சொல்ல மாட்டமா? அந்த மாதிரிதான். ஒரு மெயில்.”

வெளிநாட்டுக்கு மெயில் எழுதி எழுதிப் பழகிய கை அவருடையது. டெல்லி அலுவலகத்துக்கும் பையருக்கு எழுதுகிற மாதிரியே எழுதினார். ‘டியர் சார், வி ஆர் மேக்கிங் தி ஷூஸ் விச் வில் பாஸ் யுவர் மெஷின் வித்தவுட் சவுண்ட்.’ உங்கள் மெஷினில் சத்தமில்லாமல் பாஸ் ஆகிற ஷூக்களை நாங்கள் செய்கிறோம், அதற்காக உங்கள் கோப்பைப் பார்த்தோம், கறுப்புப் பகுதி திறந்துகொள்கிறது, தயவுசெய்து கவனிக்கவும். என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு அதே மெயிலைக் காட்டினாலும் தெரியாது. நாங்கள் பேசுகிற இங்கிலீஷ் அதுதான். அதை வைத்துத்தான் இத்தனை வருடம் உலகத்துக்கே ஷூ விற்றோம்.

இன்னொன்றும் செய்தார். எங்கள் தொழிலில் குறை சொன்னால் சாம்பிள் காட்ட வேண்டும். தையல் பிரிந்திருக்கிறது என்று சும்மா எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள், பிரிந்த ஜோடியைக் கூடவே அனுப்ப வேண்டும். அந்த வழக்கப்படி, திறந்துகொண்ட பக்கங்களையும் மெயிலோடு இணைத்தார். பதில் வரவில்லை. பையர் பதில் போடாவிட்டால் நினைவூட்டுவது போல, ‘உங்கள் சாதகமான பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்று இன்னொன்று போட்டார். பதில் சபாரி போட்ட இரண்டு போலீஸ்காரர்களாக, ஜீப்பில் வந்தது.

மேனேஜர் அறையில் பாயை உட்காரவைத்துக் கேட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது, என் மேஜை பக்கத்திலேயே இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

“வித்தவுட் சவுண்ட்னா இன்னா அர்த்தம்?”

“ஷாங்க் இல்லாத ஷூ சார். ஃபைபர் போடுவோம்.”

“மெஷினை ஏமாத்தற ஷூ. அதான?”

“ஏமாத்தறது இல்ல சார், பாஸ் ஆவுறது.”

“யாருக்கு பாஸ் ஆவணும்? யார் கேட்டது?”

“பையர் சார்.”

“பையர்னா யாரு? எந்த ஊரு? பாஸ்போர்ட் எதுக்கு அப்ளை பண்ணியிருக்கே? சவுதில யாரு இருக்கா?”

பயத்தில் பாதி, கோபத்தில் பாதியாக எழுந்து உள்ளே போனேன். “சார், அந்த ஃபைலை முதல்ல பார்த்தது நான். காப்பி பண்ணதும் நான். என் கம்ப்யூட்டர்லதான் நடந்துது” என்றேன்.

இருவரில் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பெயர் கேட்டார், சொன்னேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். வேலூரில் ஆஸ்பத்திரியில் லேபில் இருக்கிறார் என்றேன்.

“சரி, நீங்க போங்கம்மா” என்றார்.

“சார், நான்தான்னு சொல்றேனே.”

“உங்களை யாரும் கேக்கலம்மா. போய் வேலையப் பாருங்க.”

பூட்டைத் திறந்தவள் நான் என்று நானே போய் நிற்கிறேன், என்னை எழுதிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காகிதம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற, வகிடெடுத்துப் பின்னல் போட்ட ஆபீஸ் பெண்மணி. என் பெயரைக் கேட்டதுமே அவர்களுக்கு நான் முடிந்துவிட்டேன். பாயின் பெயரைக் கேட்டதும் அவர் ஆரம்பமானார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிறகு நானாக ஒரு வாக்குமூலம் எழுதி, கையெழுத்துப் போட்டு, வேலூரில் அவர்கள் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

பாயை அடிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வேலூருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். காலையில் போனால் சாயங்காலம் வரை பெஞ்சில் இருப்பார், அதே கேள்வியைக் கேட்டு அனுப்புவார்கள். வீட்டிலும் வந்து பீரோவைக் கலைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிவாசலில் சிலர் அவர் பக்கத்தில் நிற்பதைத் தவிர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரவருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. கம்பெனியில் பையரோடு கடிதம் எழுதுகிற வேலையை அவரிடமிருந்து வாங்கி, அவரைப் பின்னால் குடோனில் போட்டார்கள். மேனேஜர் நல்லவர்தான், ஆனால் நல்லவர்களுக்கும் மேலே ஒரு முதலாளி இருக்கிறார்.

மேனேஜர் ஒரு நல்லது செய்தார். எங்கள் ஆள்மீது ஏன் விசாரணை என்று கம்பெனி பெயரில் டெல்லிக்கு எழுதினார். அதற்குப் பதில் வந்தது. அந்த இணையதளத்தில் ரகசியத் தகவல் எதுவும் எக்காலத்திலும் வெளியிடப்படவில்லை என்று ஒரே வரி. கோப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்படியானால் பாய் எதைப் பார்த்தார்? இல்லாத ரகசியத்தை எடுத்த குற்றத்துக்கு இருக்கிற மனிதன் அலைந்துகொண்டிருந்தான். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் சபாரிக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இது வேற டிபார்ட்மென்ட்மா” என்றார்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டால் போலீஸ் அறிக்கை வரவில்லை என்றார்கள். போலீஸில் கேட்டால் விசாரணை முடியவில்லை என்றார்கள். வாணியம்பாடி டிராவல்ஸ்காரர் ஆன மட்டும் காத்திருந்துவிட்டு, அந்த அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருடத்து ஹஜ் ஜமாத் புறப்பட்டுப் போனது. அடுத்த வருடமும் அதே பதில்தான். அதற்குள் அந்த அம்மாவுக்குக் காலில் புண் வந்து, விரலை எடுக்கும்படி ஆகிவிட்டது. நடக்க முடிகிற வருடம் கடந்துபோய்விட்டது.

அந்த அம்மா வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் வீட்டுக்காரர் மூலம் வார்டு தெரிந்து நான் அடிக்கடி போவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொய் சொல்லாம சொல்லும்மா. என் புள்ள இன்னா செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யலம்மா. கவர்மெண்ட் பண்ண தப்பை எடுத்துச் சொன்னாரு. அவ்ளோதான்.”

“தப்பைச் சொன்னவன் வூட்டுக்கா போலீஸ் வரும்?”

நான் மறுபடி மறுபடி சொன்னேன். இணையதளம், கறுப்புப் பட்டை, காப்பி பண்ணினது, எல்லாம். எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அது பொய் போலவே இருந்தது. அந்த அம்மா சர்க்காரை நம்பி வளர்ந்த தலைமுறை. ரேஷன் அரிசியில் கல் இருந்தால்கூட கடைக்காரனைத்தான் திட்டுவாரே தவிர சர்க்காரை ஒரு சொல் சொல்ல மாட்டார். சும்மா வருவார்களா, நெருப்பில்லாமல் புகையுமா என்கிற முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்கும் தெரியாம எதுனா செஞ்சிருப்பான்” என்றார். “அதான் அல்லா என்னைக் கூப்புடல.”

அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. காலோ சர்க்கரையோ இல்லை. மகன் செய்த ஏதோ ஒரு பாவத்துக்காகத் தனக்கு அழைப்பு வரவில்லை, அது என்ன பாவம் என்று தெரியாமலே போகப்போகிறோம் என்கிற எண்ணம்.

அந்த அம்மாவின் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் நான் போனபோது பாயும் இருந்தார். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கண்ணைத் திறந்து, மகனைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“இப்பவாவது சொல்லுடா. செஞ்சியா?”

வேலூர் பெஞ்சில் அத்தனை நாள் உட்கார்ந்து ‘இல்லை சார், இல்லை சார்’ என்று மட்டும் சொன்ன மனிதர் அவர். தோலைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“செஞ்சேம்மா” என்றார். “தெரியாம செஞ்சிட்டேன். மாஃப் பண்ணிடு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் தலையைத் திருப்பாமலே என் பக்கம் கையை லேசாக உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். மகனின் தலைமேல் கையை வைத்து, “மன்னிச்சிட்டேன், போ” என்றார். முகம் தெளிந்துவிட்டது. சாத்துக்குடி கேட்டு, இரண்டு சுளை தின்றார்.