கதவில் ஒட்ட ஒரு முகம்

எங்கள் பிளோவ்திவ் நகரத்தில் ஒருவர் செத்தால், அவர் படம் போட்ட தாளை வீட்டுக் கதவில் ஒட்டுவோம். பஸ் நிறுத்தத்திலும் தெருமுனை மரத்திலும் ஒட்டுவோம். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, பிறகு வருஷா வருஷம். மழையில் நைந்து தொங்கினாலும் யாரும் கிழிப்பதில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று முகத்தைப் பார்த்து, "ஐயோ, இவனா" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் செத்தவனுக்கு மரியாதை.

ஸ்தோயிலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அடையாள அட்டையிலிருந்து எடுத்து அச்சடித்த படம் அது. களவு கேஸில் பிடிபட்டவன் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான். மரத்தடியில் நின்றவர்கள் பெயரைப் படித்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் பெண்டாட்டி ருமியானாவுக்குப் படம் பிடிப்பதுதான் பிழைப்பு. மேட்டிலிருக்கும் ரோமானிய அரங்கின் சலவைக்கல் படிகளில், ஊர் சுற்ற வருகிறவர்களை நிறுத்தி எடுத்துக் கொடுப்பாள். ஸ்தோயில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பான்.

"உலகத்துல இருக்கிற ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் எல்லாரையும் எடுத்தே. கட்டினவனை ஒண்ணு எடுக்கத் தோணலையா உனக்கு?" என்றாள் பென்கா. ஸ்தோயிலின் அக்கா. அதே வளைந்த மூக்கு, அதே கம்பளிப் புருவம். வாய் மட்டும் தம்பியைவிட நீளம்.

"எடுத்தேன் அண்ணி. தினமும் எடுத்தேன்."

அதுவும் நிஜம்தான். காலையில் அரங்குக்குப் போனதும், "ஸ்தோயில், அங்க போய் நில்லு" என்பாள். நிற்பான். வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒன்று எடுப்பாள். பார்த்ததும் அழித்துவிடுவாள். வெளிச்சம் பார்க்க எடுத்ததை யாராவது வைத்துக்கொள்வார்களா? வீட்டில் இருந்த கல்யாணப் படத்திலோ அவன் மீசை முளைக்காத பையன். அதை ஒட்டினால் ஊர் சிரிக்கும்.

ருமியானா அடக்கத்தன்று அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருந்தது அவளுக்கு. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை. இரக்கமில்லாதவளாகிவிட்டோமோ என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பும் வலிக்கவில்லை. கொஞ்ச நாளில் அரங்குக்குத் திரும்பினாள். "ஸ்தோயில், அங்க போய் நில்லு" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிடும். காலிப் படியை ஒன்று எடுப்பாள், அழிப்பாள், வேலையைப் பார்ப்பாள்.

வந்தவர்கள் இப்போதெல்லாம் படத்தில் கட்டை மாதிரி நின்றார்கள். சிரியுங்கள் என்றால் பல்லைக் காட்டினார்கள். ஏன் இப்படி என்று அவள் யோசிக்கவில்லை.

நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள் பென்கா மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "நாளைக்கு வாசல்ல கொடுக்கக் கோதுமை ஊறப் போட்டாச்சு. அச்சுக்காரன் சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பான். அந்தத் திருட்டு முழிப் படத்தை மறுபடி ஒட்டினா நான் கல்லறைப் பக்கமே வரமாட்டேன், சொல்லிட்டேன்."

இருவரும் படியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் இருந்த பழைய படங்களைப் புரட்டினார்கள். எதிலாவது ஒரு ஓரத்தில் சிக்கியிருக்க மாட்டானா என்ற நப்பாசைதான். ருமியானா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கிழவன் கிழவி, புதுசாய்க் கல்யாணமானவர்கள், பள்ளிக்கூடக் கூட்டம், எல்லாரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தோயில் ஒன்றில்கூட இல்லை.

பென்காதான் கவனித்தாள். "இவங்க யாரும் உன்னைப் பாக்கலையே. உன் தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ பாத்துல்ல சிரிக்கறாங்க?"

ருமியானா குனிந்து பார்த்தாள். ஆமாம். ஒவ்வொரு படத்திலும் கண்கள் அவள் இடது தோளைத் தாண்டிப் போயிருந்தன. ஸ்தோயில் தட்டியோடு நிற்கும் இடம்.

சுற்றுலாக் கூட்டங்களை அழைத்து வரும் லியூபென் பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் புரையேறிவிட்டது.

"என்னடா?" என்றாள் பென்கா.

"அண்ணன் பண்றதைப் பாத்துதான் சிரிப்பாங்க. அக்காவுக்குத் தெரியாதா?"

"என்ன பண்ணுவான்?" என்றாள் ருமியானா.

"விடுங்கக்கா. இப்பப் போய்."

"சொல்லு."

லியூபென் தலையைச் சொறிந்தான். "உங்களைத்தான் செஞ்சு காட்டுவார். படம் எடுக்கறப்ப நீங்க ஒரு கண்ணை இறுக்கி மூடுவீங்க. மூக்கெல்லாம் சுருங்கிப்போகும். நாக்கு நுனி ஓரமா வெளிய வந்துடும். அதை அப்படியே செய்வார். நீங்க திரும்பறதுக்குள்ள தட்டிக்குப் பின்னால போயிடுவார்."

"நான் அப்படியா செய்யறேன்?"

"செய்யறீங்கக்கா."

"அம்மா ஊசியில நூல் கோக்கறப்பவும் இப்படித்தான் பின்னால நின்னு கூத்தடிப்பான், படுபாவி" என்றாள் பென்கா. சொன்னவள் சும்மா இருந்தாளா? ஒரு கண்ணை இறுக்கி மூடினாள், மூக்கைச் சுருக்கினாள், நாக்கு நுனியை ஓரமாக நீட்டினாள்.

அந்த வளைந்த மூக்கு. அந்தப் புருவம். ஸ்தோயில் நின்றான். அவள் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருஷம் நின்றவன், அவளைத் தவிர ஊர் உலகமெல்லாம் பார்த்தவன், இப்போது எதிரே நின்றான்.

ருமியானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பென்கா முகத்தைக் கலைக்காமல், நாக்கை நீட்டியபடியே, "எடுடி, எடு. இதையே ஒட்டிடலாம்" என்று குழறினாள். கேமரா ருமியானாவின் கழுத்தில்தான் தொங்கியது. கை அதற்குப் போகவில்லை.

மறுநாள் கதவில் அதே முறைக்கிற படம்தான். சபதம் போட்ட பென்காவே பசை தடவி ஒட்டினாள். ருமியானா அவித்த கோதுமையில் சர்க்கரை தூவி, வாசலில் நின்று போகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரங்கு வாசலில் ஐஸ்கிரீம் விற்பவர் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தார்.

"பேரு கேள்விப்பட்ட மாதிரி இருக்கு. ஆளு தெரியலையேம்மா."

ருமியானா அவரைப் பார்த்து ஒரு கண்ணை இறுக்கி மூடினாள். மூக்கைச் சுருக்கி, நாக்கு நுனியை ஓரமாக நீட்டினாள்.

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஐயோ," என்றார், "இவனா."