கரை தெரியாமல் ஒரு படம்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் நாற்பத்தைந்து மைல்தான். ஐப்பசி மழை நாளில் காலை ஆறு மணிக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். மடியில் காமிராப் பை. பிலிம் சுருளைச் சரியாக மாட்டினேனா என்ற கவலை தாம்பரம் தாண்டியும் விடவில்லை. பட்டு முதலாளிகள் கூலியைக் குறைத்ததால் நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டார்கள். நின்ற தறியை ஒரு படம் எடுத்து வரச் சொல்லிப் பத்திரிகையில் அனுப்பியிருந்தார்கள். யார் வீட்டில் உள்ளே விடுவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வாலாஜாபாத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏழுமலை, பிள்ளையார்பாளையத்து நெசவாளர். அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை கேட்டு, கிடைக்காமல் திரும்புகிறார். பையைப் பார்த்ததுமே நான் யாரென்று புரிந்துகொண்டார். பேப்பர்காரனை வீட்டுக்குள் விட்டால் அந்த வீட்டுக்கு இனி பாவு கிடையாது என்று முதலாளி ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறாராம். பாவு என்பது புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு நூல். முதலாளி அதைக் கொடுத்தால்தான் தறி ஓடும், அடுப்பும் எரியும்.

ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரம். இரண்டு லாட்ஜில் பையைப் பார்த்துவிட்டு அறை இல்லை என்றார்கள். பிள்ளையார்பாளையத்தில் நான் போகப் போகக் கதவுகளைச் சாத்தினார்கள். மழை வலுத்தது. காமிரா நனைந்தால் என் வேலையும் போச்சு என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். சந்திலிருந்து ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"பின்பக்கமா வா சார். நனைஞ்சிக்கினு நிக்கிறியே."

அவர் மனைவி கன்னியம்மா துண்டு கொடுத்தார். கூழும் மிளகாயும் வைத்தார். நான் எழுந்த பிறகுதான் பானையில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது.

தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நின்றது. முகம் மட்டும் வேண்டாம் என்றார் ஏழுமலை. சரி என்றேன். சும்மா கிடந்த இரண்டு கைகள், கீழே யாளி உருவம் ஓடும் புடவையின் கரை, கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெளிச்சம். இத்தனை வருஷத்தில் இப்படியொரு படம் எனக்கு அமைந்ததில்லை.

கிளம்பும்போது கன்னியம்மா படத்தில் என்னென்ன விழுந்திருக்கும் என்று கேட்டார். கையும் கரையும்தான் என்றேன். அவர் புருஷனைப் பார்த்துத் திரும்பினார்.

"மூஞ்சி எதுக்குய்யா மொதலாளிக்கு? இந்த யாளிக்கரை நம்ம தறிக்குத்தானே குடுத்துக்கினு இருக்கான்? பாத்தா போதும், வூட்டு நம்பரே சொல்லிடுவான்."

ஏழுமலை தறியைப் பார்த்தபடி நின்றார். அவருக்கே அது தோன்றவில்லை. படத்தில் கரையை வெட்டிவிட்டுப் போடச் சொல்கிறேன் என்றேன். என் பேச்சை ஆபீசில் யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"உன் பொழப்பும் அதுலதானேப்பா இருக்குது. நீயே பாத்துக்க" என்றார் ஏழுமலை.

காமிராவைப் பிடுங்கியிருந்தால் கோபப்பட்டாவது போயிருப்பேன். காமிராவின் பின்மூடியைத் திறந்து, படம் அழியும்படி சுருளை வெளிச்சத்தில் இழுத்துவிட்டேன்.

"கோச்சிக்காதண்ணா" என்றார் கன்னியம்மா. கோபம்தான். அவர்கள் மேலும் கொஞ்சம்.

வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. மாலை பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பி, ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் பத்திரிகையில் ஒரு பட்டுக்கடை கொடுத்த பழைய படம் வந்தது. ஓடுகிற தறி, சிரிக்கிற நெசவாளர். காஞ்சியில் நெசவு வழக்கம்போல் நடக்கிறது என்று கீழே போட்டிருந்தார்கள். அந்த மனிதரின் முகம் பளிச்சென்று தெரிந்தது.